வீட்டு சர்வர்: டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் வீட்டு அலமாரி ஒன்றில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடுகிறது. அதைத்தான் சர்வர் என்கிறேன். குடும்பப் படங்கள், பழைய கேசட்டுப் பாட்டுகள், பிள்ளைகளின் பள்ளிக் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நான் தூத்துக்குடிக்காரன். 2009-இல் வேலைக்காக டர்பன் வந்தேன். இங்கேயே கல்யாணம் ஆகித் தங்கிவிட்டேன். மனைவியின் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்த ஊர். எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ராத்திரியில், ஆசைக்காகச் செய்வது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலிலும் காவடிப் பந்தலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

கூகுள் போட்டோஸ் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது?

கூகுள் போட்டோஸ் நல்ல சேவைதான். என் மனைவி பல வருஷம் அதைத்தான் வைத்திருந்தார். 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகின்றன. நாலு பேர் இருக்கும் வீட்டில் அது சீக்கிரம் நிறைந்துவிடும், பிறகு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். கட்டுவதில் தவறில்லை. என்னை இந்தப் பக்கம் திருப்பியது வேறு ஒன்று.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் மனைவியின் பெரியம்மா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த மூன்று ஆல்பங்கள் மட்டும் சேற்றில் ஊறிப்போயின. கரும்புத் தோட்டக் குடியிருப்பில் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள், ஆயாவின் (மனைவியின் பாட்டி) கல்யாணப் படம், நிறவெறி அரசு குடும்பத்தைச் சாட்ஸ்வொர்த்துக்குக் குடிபெயர்த்து அனுப்பிய அறுபதுகளில் எடுத்தவை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களைப் பிரிக்கப் பிரிக்க முகங்கள் உரிந்து வந்தன. நாற்பது படம்கூடத் தேறவில்லை. அந்தப் படங்களுக்கு வேறு பிரதி எங்கும் கிடையாது.

அன்றைக்குத்தான், எது நம்மிடம் ஒரே ஒரு பிரதியாக இருக்கிறது என்று வீட்டைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தேன். ஆயா பாடிய கேசட்டுகள் பதினேழு இருந்தன. அவற்றை ஏதோ ஒரு கம்பெனிக் கணக்கில் ஏற்றிவிட்டு, அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசித்ததில் வந்ததுதான் இந்த சர்வர். சர்வரும் வெள்ளத்தில் போகும், அது வேறு விஷயம். அதற்கான பதில் பேக்கப் கேள்வியில் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் இந்தப் பக்கத்தில் அதை மட்டுமாவது படியுங்கள்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று அர்த்தமா?

என் சர்வரில் ஓடுபவை பெரும்பாலும் ஓப்பன் சோர்ஸ் நிரல்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, நிரலின் மூலக் குறியீடு எல்லார் கையிலும் இருப்பது. கோப்புகளைச் சொந்த சர்வரில் வைக்க உதவும் ஓன்கிளவுட் திட்டத்தில் இருந்தவர்கள் 2016-இல் பிரிந்து வந்து நெக்ஸ்ட்கிளவுட் தொடங்கினார்கள். எம்பி என்ற வீடியோ சர்வர் தன் நிரலைப் பூட்டிக்கொண்டபோது, 2018 கடைசியில் அதன் திறந்த பதிப்பிலிருந்து ஜெல்லிஃபின் கிளைத்தது. கோப்புகளைப் பல மெஷின்களில் ஒன்றுபோல வைக்கும் சிங்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றது. அதிலிருந்து பிரிந்த இன்னொரு செயலியை இன்றைக்கும் என் போனில் வைத்திருக்கிறேன். ஒருவர் கடையை மூடினாலும் இன்னொருவர் திறக்கலாம். இருபது வருஷம் வைத்திருக்க வேண்டிய பொருளை நான் நம்பி ஒப்படைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

காசு கேட்காவிட்டாலும் கொடுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை, நான் தினமும் பயன்படுத்தும் மூன்று திட்டங்களுக்கு, ஒரு குடும்பச் சாப்பாட்டுச் செலவு அளவு அனுப்புகிறேன்.

என்ன மெஷின் வாங்குவது? ராஸ்ப்பெரி பை போதுமா?

நான் ராஸ்ப்பெரி பை 4-இல்தான் தொடங்கினேன். கற்றுக்கொள்ள அருமையான, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை. ஆனால் பலகை, பவர் சப்ளை, பெட்டி, டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கூட்டிப் பார்த்தால், அதே காசுக்கு அலுவலகங்கள் கழித்துவிடும் சின்ன டெஸ்க்டாப் கிடைத்துவிடுகிறது. தடித்த புத்தகம் அளவில் லெனோவோ, டெல், எச்பி மூன்றும் செய்கின்றன. மூன்று வருஷக் குத்தகை முடிந்து கும்பலாகச் சந்தைக்கு வரும். எட்டு ஜிபி மெமரி, உள்ளே ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் இருந்தால் போதும். புதிதாகத்தான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 சிப் வைத்த சின்னப் பெட்டிகள் பாருங்கள்.

ராஸ்ப்பெரி பையே வாங்கினாலும் எஸ்டி கார்டில் மட்டும் ஓட்டாதீர்கள். என்னுடையது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், கார்டு மொத்தமாகக் கெட்டது. யுஎஸ்பி எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள்.

இடம் முக்கியம். டர்பன் காற்றில் ஈரமும் உப்பும் அதிகம். பிப்ரவரிக் கோடையில் ஜன்னலோரம் வைத்தால் முனைகள் துருப்பிடிக்கும். சூடாக இருக்கும் இடத்துக்குப் பல்லி வேறு வரும். காற்றோட்டம் உள்ள, ஜன்னலுக்குத் தள்ளிய அலமாரி நல்லது. தரையில் வேண்டாம்.

இன்னொன்று, ஊரிலிருந்து சாமான் கொண்டு வருபவர்களுக்கு: இங்கே சுவரில் இருக்கும் மூன்று உருண்டைக் கால் பிளக்கும் நம் ஊரில் ஏசிக்குப் போடும் பெரிய 15 ஆம்பியர் பிளக்கும் ஒன்றுதான். சின்ன ஐந்து ஆம்பியர் பிளக் இதில் நிற்காது, அடாப்டர் வேண்டும்.

இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் கரண்ட் பில் ஏறாதா?

என் மாமியார் முதல் நாளே கேட்ட கேள்வி. அளந்து பார்த்துச் சொன்னேன்.

என் சர்வர் சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட் எடுக்கிறது. ஒரு நாளைக்கு 0.24 யூனிட், ஒரு வருஷத்துக்கு 88 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிட் மூன்று ராண்டு என்று வைத்தால் வருஷத்துக்கு 263 ராண்டு. உங்கள் பில்லில் என்ன விலையோ அதைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கீசரைப் பாருங்கள். 150 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி ஏற்றுவதற்கு ஏறக்குறைய ஏழு யூனிட் வேண்டும். அதாவது கீசர் ஒரு தடவை முழுசாகச் சூடாகும் கரண்டில் என் சர்வர் 29 நாள் ஓடும். இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் மாமியார், “அப்போ கீசருக்கு ஒரு வழி பண்ணு தம்பி” என்றார். அதையும் செய்தேன், கீழே வருகிறது.

லோட் ஷெடிங் வந்தால் என்ன செய்வீர்கள்?

2023-இல் இந்தக் கேள்வி கேட்காதவர்களே இல்லை. இந்த நாட்டில் மின்வெட்டு மிக மோசமாக இருந்த வருஷம் அது. 2024 மார்ச் 26-க்குப் பிறகு பத்து மாதம் நிம்மதியாக இருந்தோம். 2025 ஜனவரி கடைசியில் மறுபடி தலைகாட்டியது. அட்டவணை போட்டு வெட்டாவிட்டாலும், கேபிள் திருட்டு, இடி, டிரான்ஸ்ஃபார்மர் பழுது என்று கரண்ட் போகத்தான் செய்கிறது. ஆகவே ஏற்பாடு எப்போதும் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் சாதாரண யுபிஎஸ் இந்த ஊருக்கு ஏன் சரிப்படுவதில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலர் இதில்தான் காசை விடுகிறார்கள். அதற்குள் இருப்பது 12 வோல்ட், ஏழு ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. மொத்தமே 84 வாட்-மணி. அது ஐந்து நிமிஷம் தாங்கி, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்க அவகாசம் தருவதற்காகச் செய்யப்பட்டது. மின்வெட்டுக் காலத்தில் நாம் அதை இரண்டு மணி நேரம் கறந்து, நாளுக்கு மூன்று முறை அடிவரை காலி செய்தோம். காலியான ஈய பேட்டரி நிறைய ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும்; அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். அரைகுறையாக நிறைந்து, மறுபடி காலியாகி, சில மாதத்தில் உள்ளே சல்பேட் படிந்து செத்துவிடும். என் முதல் யுபிஎஸ் எட்டு மாதத்தில் போனது. பொருளில் குறையில்லை, வேலைதான் அதற்கு உரியதல்ல.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இதற்குத் தாங்கும். ஆயிரக்கணக்கான தடவை காலியாகி நிறையும், சீக்கிரமும் நிறையும். என் வீட்டில் சர்வர், ரௌட்டர், ஃபைபர் பெட்டி, நெட்வொர்க் சுவிட்ச் எல்லாம் சேர்ந்து 35 வாட். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1,280 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தாலும் ஒரு நாளுக்கு மேல் ஓடுகிறது. அவ்வளவு முடியாதவர்கள் 20 ஆம்பியர்-மணி வாங்கினால் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும், அதுவே ஏராளம். ரௌட்டருக்கு மட்டும் போதும் என்றால் 12 வோல்ட் நேராகத் தரும் கையளவு பெட்டிகள் இங்கே எல்லாக் கடையிலும் உண்டு. வீட்டில் இருட்டாக இருந்தாலும் ஃபைபர் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், ஆக ரௌட்டருக்குக் கரண்ட் கொடுத்தால் இன்டர்நெட் வரும்.

இரண்டு சின்ன வேலைகளை மறக்காதீர்கள். ஒன்று, நட் என்ற நிரலைப் போட்டு யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளில் சர்வரோடு இணைப்பது; பேட்டரி தீரப் போகும்போது சர்வர் தானாக ஒழுங்காக அணையும். இரண்டு, பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போய், கரண்ட் திரும்பி வந்ததும் மெஷின் தானே எழுந்திருக்கும்படி மாற்றி வைப்பது. இதைச் செய்யாமல் ஊருக்குப் போனீர்கள் என்றால், அங்கிருந்து அண்டை வீட்டு அக்காவுக்குப் போன் செய்து பட்டனை அழுத்தச் சொல்ல வேண்டியிருக்கும். நான் சொல்லியிருக்கிறேன்.

எந்த லினக்ஸ் போடுவது?

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருள், அதில் பல வகை உண்டு. என் தேர்வு டெபியன். வருஷக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும். உபுண்டு தெரிந்தவர்கள் அதையே போடலாம், அடிப்படை ஒன்றுதான்.

உபுண்டுவை 2004-இல் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் இந்த நாட்டுக்காரர், வெல்கம் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். உபுண்டு என்ற பெயரே ஜுலு முதலான இந்நாட்டு மொழிகளின் சொல். மனிதன் மனிதர்களால்தான் மனிதனாகிறான் என்ற கருத்து அதில் இருக்கிறது. இன்டர்நெட் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில் ஃப்ரீடம் டோஸ்டர் என்ற பெட்டிகளை இங்கே பொது இடங்களில் வைத்திருந்தார்கள். வெறும் சிடி கொண்டு போனால், விரும்பிய லினக்ஸை இலவசமாக எழுதித் தரும். என் மச்சான் முதன்முதலில் லினக்ஸ் பார்த்தது அப்படித்தான். இன்றைக்கும் அந்த சிடியை உறையோடு வைத்திருக்கிறார்.

உங்கள் சர்வரில் என்னென்ன ஓடுகிறது?

படங்களுக்கு இம்மிச். போனில் எடுக்கும் படம் வீட்டு வைஃபைக்கு வந்ததும் தானாக ஏறிவிடும். முகங்களைப் பிரித்து அடுக்கும் வேலையும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே போவதில்லை. தேறிய அந்த நாற்பது படங்களையும், மற்ற உறவினரிடம் வாங்கி ஸ்கேன் செய்த இருநூறையும் ஏற்றிய அன்று, மாமியார் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகத்துக்கும் பேர் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். மெஷின் அக்காளையும் தங்கையையும் ஒருத்தி என்று சேர்த்திருந்தது. “இவ சின்னவ, நெத்தியில தழும்பு பாரு” என்று பிரித்து வைத்தார். அந்தத் தழும்பு மாங்காய் மரத்திலிருந்து விழுந்ததில் வந்ததாம். அதையும் படத்தின் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஸ்கேன் செய்த படங்களுக்குத் தேதியைக் கையால் திருத்துங்கள். இல்லாவிட்டால் 1958 கல்யாணம் போன வாரம் நடந்ததாகக் காலவரிசையில் நிற்கும். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் உத்தேசமாகப் போட்டுக் குறிப்பில் அப்படி எழுதிவிடுங்கள்.

தமிழில் தேட வேண்டுமா? இம்மிச்சில் இயல்பாக வரும் தேடல் ஏஐ மாடலுக்கு ஆங்கிலம்தான் தெரியும். அமைப்புகளில் போய்ப் பல மொழி மாடலுக்கு மாற்றினால் “தேர்”, “காவடி”, “கடற்கரை” என்று தேடலாம். மெமரி கூடுதலாக எடுக்கும், எல்லாப் படத்தையும் மறுபடி ஒரு முறை அலசும்; என் மெஷினில் ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காவடிக்கு அது பல நேரம் வேறு ஊர்வலப் படத்தையும் சேர்த்துக் காட்டுகிறது, ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

மற்றவை: பாட்டுக்கும் வீடியோவுக்கும் ஜெல்லிஃபின், கோப்புகளை மெஷின்களுக்கு இடையே ஒன்றாக வைக்க சிங்திங், வீட்டுச் சாதனங்களுக்கு ஹோம் அசிஸ்டன்ட், விளம்பரத் தளங்களைத் தடுக்க பை-ஹோல். பை-ஹோல் யூடியூப் விளம்பரத்தைத் தடுக்காது. அதற்காக மட்டும் கேட்பவர்கள் ஏமாற வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் போட்டுவிடலாமா?

வேண்டாம். வீட்டில் தினமும் தேவைப்படும் ஒன்றே ஒன்றை எடுங்கள். அதைப் பேக்கப்போடு முழுசாக முடித்து, மூன்று மாதம் ஓட்டுங்கள். அப்புறம் அடுத்தது.

தமிழில் கோப்புப் பெயர் வைத்தால் பிரச்சினை வருமா?

வைக்கலாம், நான் எல்லாமே தமிழில்தான் வைக்கிறேன். இரண்டு இடங்களில் இடிக்கும்.

முதலாவது நீளம். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். “கா” என்பது க, துணைக்கால் என இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். கூட்டிப் பார்த்தால் 85 குறியீடுதான் இடம். “ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவில் ஆயாவும் பெரியம்மாவும்” என்று தொடங்கி ஊர், தெரு, வருஷம் எல்லாம் பெயரிலேயே எழுதினால் நகல் எடுக்கும்போது பிழை வரும். பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் சில வகை மறையாக்கம் போட்ட டிஸ்க்குகளில் வரம்பு 143 பைட். தமிழுக்கு 47 குறியீடு. என் பேக்கப் முதன்முதலில் பாதியில் நின்றதற்கு இதுதான் காரணம், கண்டுபிடிக்க மூன்று ராத்திரி ஆனது. பெயரைச் சுருக்கமாக வைத்து, விவரத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. “கொ” என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறியீடு, அல்லது க-வோடு ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை வேறு வேறு பெயர். பழைய மேக் கம்ப்யூட்டர்களின் டிஸ்க் அமைப்பு பெயர்களைப் பிரித்தே சேமித்தது. மனைவியின் பழைய மேக்கிலிருந்து நகல் எடுத்தபோது “கொழுந்தன் கல்யாணம்” என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புறை வந்து நின்றன. எழுத்துக்கு எழுத்து பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரலில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் ஒரு விருப்பம் இருக்கிறது, அதைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். கொ, கோ, கௌ வரிசையோ ஔ எழுத்தோ உள்ள பெயர்களில் மட்டும்தான் இது வரும்.

பழைய கேசட்டுகளை எப்படி ஏற்றினீர்கள்?

பொறுமையாக. ஆயா பாடிய தாலாட்டும், ஆடி மாதம் பாடும் மாரியம்மன் பாட்டும், நடுநடுவே யாரோ கதவைத் திறக்கும் சத்தமும், “யாரது, உள்ள வா” என்ற ஆயாவின் குரலும் அந்தக் கேசட்டுகளில் இருக்கின்றன. ஒரு தடவை அறுந்தால் போச்சு.

முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள்; தவறிப் பதிவுப் பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், டர்பன் ஈரத்தில் இது சகஜம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டு உள்ளே விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் சத்தம் மங்கும், வேறு கேசட்டுப் பெட்டிக்கு நாடாவை மாற்ற வேண்டும். பிளேயரில் நாடா உரசும் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். யுஎஸ்பியோடு வரும் மலிவான கேசட் பிளேயர்கள் வேகம் தடுமாறுகின்றன. நல்ல பழைய டெக் ஒன்றை இரவல் வாங்கி, சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டில் இணைத்து, ஆடாசிட்டி என்ற நிரலில் பதிவு செய்தேன். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒரு மணி நேரம் சுருக்காமல் ஒரு ஜிபி வரும். ஃப்ளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் சுருங்கும்.

இரைச்சலை நீக்கும் ஆசையில் மூலப் பதிவைத் தொடாதீர்கள். அதை அப்படியே வைத்துவிட்டு, நகலில் செய்யுங்கள். நான் முதலில் இரைச்சலோடு சேர்த்து ஆயாவின் மூச்சையும் நீக்கிவிட்டேன். மாமியார் கேட்டுவிட்டு, “அம்மா மாதிரி இல்லையே” என்றார். மூலப் பதிவு இருந்ததால் திரும்பச் செய்ய முடிந்தது.

பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற திறந்த மாடலை வீட்டிலேயே ஓட்டிப் பார்த்தேன். செய்தி வாசிப்பது போன்ற தமிழுக்குப் பரவாயில்லை. ஜுலுவும் ஆங்கிலமும் கலந்து வரும் ஆயாவின் டர்பன் தமிழை அது பிடிக்கவில்லை. இல்லாத வரிகளைத் தானாகவும் சேர்த்தது. கையால்தான் எழுதுகிறோம், வாரம் பத்து நிமிஷப் பதிவு.

வெளியே இருக்கும்போது வீட்டு சர்வரை எப்படிப் பார்ப்பது?

வெளியிலிருந்து யாரும் சர்வரைத் தொடும்படி ரௌட்டரில் கதவைத் (போர்ட்) திறந்துவிடாதீர்கள். நான் சோதனைக்காக ஒரு முறை திறந்தேன். சில நிமிஷத்திலேயே எங்கெங்கிருந்தோ பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் முயற்சிகள் பதிவேட்டில் வரிசையாக விழுந்தன.

வயர்கார்ட் நல்ல வழி; போனுக்கும் வீட்டுக்கும் நடுவே பூட்டிய தனிப்பாதை போடும் நிரல் அது. 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இங்கே பல இணைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வழி இருக்காது. அப்போது டெயில்ஸ்கேல் உதவும். அதுவும் வயர்கார்ட் மேல் கட்டியதுதான், நடுவில் ஒரு ஒருங்கிணைப்பு சர்வர் இருக்கும். அந்தப் பகுதியையும் சொந்தமாக நடத்த விரும்புபவர்களுக்கு ஹெட்ஸ்கேல் இருக்கிறது. நான் டெயில்ஸ்கேலோடு நிறுத்திக்கொண்டேன்.

ஃபைபர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் பெரும்பாலும் கேபிள் ஒரு கம்பெனியுடையது, இன்டர்நெட் தருவது வேறு கம்பெனி. சேவை பிடிக்கவில்லையென்றால் கேபிளைத் தொடாமலே ஆளை மாற்றலாம். தனி முகவரி தருவார்களா என்று கேட்டுவிட்டு மாறுங்கள்.

தூத்துக்குடியில் அம்மா என் சர்வரிலிருந்து பேரப் பிள்ளைகளின் படம் பார்க்கிறார். டர்பனுக்கு வடக்கே ம்டுன்சினி கடற்கரையைத் தொட்டு, ரீயூனியன், மொரிஷியஸ் வழியாகக் கொச்சி போகும் கடலடிக் கேபிள் ஒன்று 2002 முதல் இருக்கிறது. 1860 நவம்பர் 16-இல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிய முதல் கூலிக் கப்பல் ட்ரூரோ மெட்ராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்ததும் இதே கடலைத் தாண்டித்தான். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டிருப்பார்கள். மனைவியின் பூட்டனார் எண்தான் எங்கள் குடும்பக் கோப்புறையின் பெயர்.

மின்னஞ்சலையும் சொந்தமாக நடத்தலாமா?

நான் நடத்துவதில்லை. வீட்டு இணைப்பிலிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் குப்பைக்குத் தள்ளும். பள்ளியிலிருந்து வரும் கடிதம் தவறினால் பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

பேக்கப் எப்படி எடுக்கிறீர்கள்?

மூன்று பிரதி, இரண்டு விதமான இடம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இது பழைய விதி, நான் மாற்றவில்லை.

சர்வரில் ஒன்று. அலமாரியில் யுஎஸ்பி டிஸ்க்கில் ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக எழுதப்படும். மூன்றாவது, 80 கிலோமீட்டர் தள்ளிப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மச்சான் வீட்டில். ரெஸ்டிக் என்ற நிரல் மறையாக்கம் செய்துதான் அனுப்புகிறது, அவர் வீட்டில் யாரும் திறந்து பார்க்க முடியாது. அவருடைய பிரதி என் வீட்டில் இருக்கிறது. முதல் தடவை 400 ஜிபி. என் லைன் ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட், இரண்டு நாள் பிடிக்கும். அதனால் டிஸ்க்கை இங்கேயே நிரப்பி, ஞாயிற்றுக்கிழமை காரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்புறம் தினமும் மாறியது மட்டும் போகிறது.

ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி இரண்டு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு அதைப் பேக்கப் என்று நினைப்பவர்கள் அதிகம். டிஸ்க் பழுதானால் அது காப்பாற்றும். நீங்கள் அழித்தால் இரண்டிலும் அழியும். சிங்திங்கும் அப்படித்தான். என் மருமகப் பிள்ளை விளையாட்டாக டேப்லெட்டில் ஒரு கோப்புறையை அழித்தான்; ஒரு நிமிஷத்தில் நாலு மெஷினிலும் அது இல்லை. முந்தைய ராத்திரிப் பேக்கப்பிலிருந்துதான் மீட்டேன். இப்போது சிங்திங்கில் பழைய பதிப்புகளை முப்பது நாள் வைத்திருக்கும்படி மாற்றியிருக்கிறேன்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பிரதியிலிருந்து ஒரு ஆல்பத்தை மீட்டு, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கிறேன். ஒரு வருஷம் திறக்கவில்லை. நான் மாற்றிய பாஸ்வேர்டை எழுதி வைக்கவில்லை, நல்ல வேளையாக சர்வரில் அது சேமித்திருந்தது.

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மாமியாரின் இரும்பு பீரோவில் ஒரு உறை இருக்கிறது. பாஸ்வேர்டுகள், எந்த டிஸ்க்கில் என்ன, மச்சான் போன் எண், எல்லாம் தமிழில் கையால் எழுதியது. சர்வர் செத்துப் போனாலும் யுஎஸ்பி டிஸ்க்கைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் செருகிப் படங்களைத் திறக்கும் வழி அதில் படிப்படியாக இருக்கிறது. என் மனைவி நான் பக்கத்தில் இல்லாமல் ஒரு முறை செய்து பார்த்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார், அந்த இரண்டு வரியையும் திருத்தி எழுதினேன்.

கீசரை எப்படிக் கட்டுப்படுத்தினீர்கள்?

மூன்று கிலோவாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். பத்து ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை அதில் போடாதீர்கள், உருகிவிடும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து மின்பலகையில் தனிக் காண்டாக்டர் (பெரிய மின்சுமையைத் தாங்கும் சுவிட்ச்) போட்டு, அதைத்தான் ஹோம் அசிஸ்டன்ட் இயக்குகிறது. அதிகாலையிலும் சாயங்காலமும் ஓடும். சூடு 60 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள், இல்லாவிட்டால் கிருமி வளரும். வேலை முடிந்ததும் மின் இணக்கச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார். வைஃபை போனாலும் கையால் போடும் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் கேசட்டையும் ஏற்றித் தருவீர்களா?

தருவேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் கொண்டு வாருங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு தடவை இரண்டு கேசட். வருவதற்கு முன் வீட்டில் ஓட்டிப் பார்க்காதீர்கள், முன்னும் பின்னும் சுற்றாதீர்கள், வெயிலில் காரில் விட்டு வைக்காதீர்கள். உறையில் யார் எழுதியது, பாடுவது யார், எந்த வருஷம் என்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். வெறும் யுஎஸ்பி டிஸ்க் இரண்டு கொண்டு வாருங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ.